தட்டிலிருந்து கலனுக்கு: மனிதக் குருத்தணுப் பெருவளர்ப்பின் வரலாறு

1998ஆம் ஆண்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தாம்சன் குழுவினர் மனிதக் கருக்குருத்தணுக்களைப் பிரித்தெடுத்து வளர்த்த செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. அவை எதன்மேல் வளர்ந்தன என்பதோ அவ்வளவாகப் பேசப்படவில்லை. சுண்டெலிக் கருவின் உயிரணுக்களைப் படுக்கையாகப் பரப்பி, மாட்டுக் கருவின் குருதித் தெளிவம் சேர்த்த நீர்மத்திலேயே அவை பேணப்பட்டன. இதன் விளைவு 2005இல் வெளிப்பட்டது: மனித உடல் உண்டாக்காத ஒருவகைச் சயாலிக் அமிலம் அவ்வணுக்களின் மேற்பரப்பில் காணப்பட்டது. அதற்கெதிரான எதிர்ப்பொருள்கள் மனிதக் குருதியில் இயல்பாகவே உள்ளன. விலங்குப் பொருள் கலவாத ஊடகங்களுக்கான தேடல் இதனால் விரைவுபெற்றது.

அளவுச் சிக்கல் வேறுவகையானது. நீரிழிவு நோயாளி ஒருவருக்கே கோடிக்கணக்கான உயிரணுக்கள் வேண்டும். தட்டின் பரப்போ சிறிது. பரப்பைப் பெருக்கும் வழியை, தடுப்பூசி ஆக்கத்திற்காக, நெதர்லாந்தின் வான் வெசல் 1967லேயே காட்டியிருந்தார். நுண்மணிகளின்மேல் உயிரணுக்களை ஒட்டச்செய்து, கலனில் கலக்கி வளர்ப்பது அவர் முறை. ஆயினும் மனிதக் குருத்தணுக்களைத் தனித்தனியாகப் பிரித்தால் பெரும்பாலானவை மடிந்துவிடும். ஆகவே தடை கலனின் அமைப்பில் மட்டுமன்று, உயிரணுவின் இயல்பிலும் இருந்தது எனக் கொள்வதே பொருந்தும். 2007இல் ஜப்பானின் ரிக்கென் நிறுவனத்து வத்தனபே, சசாய் முதலியோர், ராக் என்னும் நொதியைத் தடுக்கும் வேதிப்பொருளைச் சேர்த்தபோது, தனி உயிரணுவிலிருந்து திரள் உருவாகும் வீதம் ஏறத்தாழ 1 விழுக்காட்டிலிருந்து 27 விழுக்காடாக உயர்ந்தது. 2014இல் ஹார்வர்டின் டக்ளஸ் மெல்டன் குழு, கலக்கும் குடுவைகளில் இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களைக் கோடிக்கணக்கில் உருவாக்கியது.

பெருக்கத்திற்கு ஒரு விலை உண்டு. நெடுநாள் வளர்ப்பில் 12, 17ஆம் குரோமோசோம் பகுதிகள் மிகுவதை ஷெஃபீல்டு ஆய்வாளர்கள் 2004லேயே அறிவித்திருந்தனர். பின்னர் 20ஆம் குரோமோசோமிலும் அத்தகைய மிகுதி கண்டறியப்பட்டது. அப்பகுதியில் உயிரணு இறப்பைத் தடுக்கும் மரபணு ஒன்று உள்ளது. மடியாத உயிரணுவே வளர்ப்பில் முந்துகிறது. புற்றுநோயின் இயல்பும் அதுவன்றோ! வளர்ப்புநிலையிலேயே தெரிவு நிகழ்வதால், எண்ணிக்கை கூடக்கூடச் சோதனையும் கூட வேண்டியதாயிற்று.

கோபேயில் 2014இல் நோயாளியின் தோலிலிருந்து ஆக்கிய விழித்திரைப் படலம் அவருக்கே பொருத்தப்பட்டது. இரண்டாம் நோயாளிக்கென ஆக்கிய உயிரணுக்களில் மரபணு மாற்றங்கள் தென்படவே, அச்சிகிச்சை நிறுத்தப்பட்டது. 2017இல் மீண்டும் தொடங்கியபோது, கியோட்டோவில் சேமித்த கொடையாளர் உயிரணுக்களே பயன்பட்டன.