நாகசுரத்தின் துளை: நரசிங்கம்பேட்டைக் கைவினையின் வரலாறு

தமிழ் இசை மரபு இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என வகுக்கிறது. ஊதி இசைக்கும் கருவிகளுக்குத் 'துளைக்கருவி' என்பதே பெயர். புல்லாங்குழலுக்கான மூங்கிலில் நீள்துளை இயற்கையாகவே அமைந்திருக்கிறது. கணுவை நீக்கி, விரல்துளைகளை இட்டால் போதும். நாகசுரத்தின் நிலை வேறு. திண்ணிய மரக்கட்டை ஒன்றின் நடுவே, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, கோணாமல் துளை போட வேண்டும். இக்கலையைப் பல தலைமுறைகளாகக் காத்துவரும் ஊர், தஞ்சாவூர் மாவட்டத்தில் கும்பகோணம் – மயிலாடுதுறை வழியில் உள்ள நரசிங்கம்பேட்டை. அங்குச் செய்யப்படும் நாகசுரத்துக்கு 2022 மார்ச் மாதம் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

பழைய சான்று

மரத்தைத் துளைத்துக் குழல் செய்யும் வழக்கம் தமிழகத்தில் மிகப் பழமையானது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதைக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், குழல் செய்ய ஏற்றவையாக மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி ஆகியவற்றைக் குறிப்பிடுகிறார். இவற்றுள் கருங்காலி வைரம் பாய்ந்த கடின மரம். மரத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் அவர் விளக்குகிறார். ஒரு மனிதனின் ஆயுள் அளவு வளர்ந்து முதிர்ந்த மரத்தை வெட்ட வேண்டும். நிழலில் ஆறவிட வேண்டும். ஓராண்டு கழித்து, முறுக்கலோ பிளவோ இல்லை என்று அறிந்த பின்பே குழல் செய்ய வேண்டும் என்பது அவர் தரும் இலக்கணம்.

இதன் காரணம் எளிது. ஈரம் வற்றாத மரத்தில் எவ்வளவு நேராகத் துளைத்தாலும், பின்னர் மரம் உலரும்போது அது வளையும். துளையும் அதனுடன் வளையும். துளையிடும் நாளில் நேராக இருந்தால் மட்டும் போதாது. கருவியின் ஆயுள் முழுவதும் அந்நேர்மை நிலைக்க வேண்டும்.

ஆச்சா மரம்

நரசிங்கம்பேட்டையில் இதே விதி வேறொரு வடிவில் பின்பற்றப்படுகிறது. நாகசுரத்தின் உடற்பகுதியான உலவு, ஆச்சா மரத்தால் ஆனது. இதன் தாவரவியல் பெயர் ஹார்ட்விக்கியா பைனாட்டா. இந்திய மரங்களுள் மிகுந்த அடர்த்தி உடையவற்றில் இதுவும் ஒன்று. இதன் வைரக்கட்டை நீரில் மூழ்கும். கொங்கு நாட்டின் வட எல்லையை ஒட்டி, காவிரி தமிழகத்துக்குள் நுழையும் ஒகேனக்கல் பகுதியின் வறண்ட காடுகளில் இம்மரம் இயல்பாக வளர்கிறது.

எனினும் கைவினைஞர்கள் புதிதாக வெட்டிய மரத்தை விரும்புவதில்லை. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் உத்திரம், தூண், நிலை ஆகியவற்றையே தேடி வாங்குகின்றனர். முக்கால் நூற்றாண்டு முதல் ஒரு நூற்றாண்டு வரை கூரையைத் தாங்கி நின்ற கட்டையில் ஈரமும் இழுவிசையும் அடங்கியிருக்கும். அது இனிப் புதிதாக முறுக்கிக்கொள்ளாது.

துளையிடும் முறை

உத்திரத்தை வேண்டிய நீளத்துக்கு அறுத்து, உருளையாகச் செதுக்கி, கடைசல் பட்டறையில் பொருத்துவர். மின்சாரம் வருவதற்கு முன், ஒருவர் கயிற்றை இழுத்துக் கட்டையைச் சுழற்ற, மற்றொருவர் உளி பிடித்துக் கடைந்தார். பின்னர் கூரிய முனையுடைய நீண்ட இரும்புத் துரப்பணங்களால் நடுத்துளை இடப்படும். மெல்லியதில் தொடங்கி, படிப்படியாகத் தடித்த கருவிகளால் துளை அகலப்படுத்தப்படும்.

நீளத் துளைத்தலின் அடிப்படைச் சிக்கல், துளைகருவி வழிதவறுவது. மரத்தின் இழை ஒரு பக்கம் கடினமாகவும் மறுபக்கம் மென்மையாகவும் இருந்தால், கருவி மென்மையான பக்கம் சாயும். தொடக்கத்தில் ஏற்படும் சிறு சாய்வும் மறுமுனையை அடையும்போது பெரிதாகிவிடும். இதற்குக் கடைசல் பட்டறை ஓரளவு தீர்வு தருகிறது. கருவி நிலையாக நிற்க, கட்டை சுழலும்போது, கருவியை ஒரே பக்கமாக இழுக்கும் விசை ஒவ்வொரு சுற்றிலும் திசை மாறுகிறது; விலகல் குறைகிறது. 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில், திண்மமாக வார்த்த பீரங்கியைச் சுழலவிட்டுக் குழாயைக் குடைந்ததும் இதே விதியின்படிதான்.

மின்விளக்கு பரவிய பின், மரத்தாலான விளக்குத் தண்டுகளில் மின்கம்பி செல்ல நீள்துளை தேவைப்பட்டது. அங்கே இரு முனைகளிலிருந்தும் துளைத்து நடுவில் சேர்ப்பது உண்டு. சேருமிடத்தில் சிறு பிசகு இருந்தாலும் கம்பி நுழைந்துவிடும். நாகசுரத்தில் செல்வது காற்று. உட்சுவரில் உள்ள படியும் மேடும் ஒலியைக் கெடுக்கும்.

துளையும் சுரமும்

நாகசுரத்தின் துளை ஒரே அகலமுடையதன்று. சீவாளி பொருந்தும் மேல்முனையில் குறுகி, அணைசு பொருந்தும் கீழ்முனையில் விரியும் கூம்பு வடிவம் அது. கூம்புத் துளையுள்ள கருவியில் ஊதும் அழுத்தத்தைக் கூட்டினால் ஒலி சரியாக ஒரு தாயி மேலே செல்லும். அதனால் ஒரே விரலமைப்பைக் கொண்டு அடுத்த தாயியையும் வாசிக்க முடிகிறது.

துளை மையத்திலிருந்து விலகினால், ஒரு பக்கச் சுவர் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் போகும். மேலே இடப்படும் ஏழு விரல்துளைகளின் ஆழம் ஒன்றுக்கொன்று மாறுபடும், சுரம் பிசகும். கீழ்ப்பகுதியில் உள்ள ஐந்து துணைத்துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதியை ஓரளவு திருத்தலாம். கோணிய நடுத்துளையை அவற்றால் திருத்த முடியாது.

திமிரியிலிருந்து பாரிக்கு

முற்காலத்தில் பரவலாக இருந்தது திமிரி நாகசுரம். நீளம் குறைந்தது, சுருதி உயர்ந்தது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் திருவிழாக் கூட்டத்தையும் தேர் வீதியையும் எட்ட அந்த ஒலி உதவியது. 20ஆம் நூற்றாண்டில் நாகசுரம் கச்சேரி மேடையிலும் வானொலியிலும் இடம்பெற்றபோது, தாழ்ந்த சுருதியும் நிதானமான ராக ஆலாபனைக்கு இடம் தரும் நாதமும் தேவைப்பட்டன.

நரசிங்கம்பேட்டைக்கு அருகிலுள்ள திருவாவடுதுறையில் வாழ்ந்த டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நீளமான பாரி நாகசுரத்தைப் புகழ்பெறச் செய்தவர். அவருக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி கருவியின் நீளத்தைக் கூட்டி, சுத்த மத்திமம் சரியாக ஒலிக்கும்படி துளைகளை அமைத்தார் என்பது அவ்வூரில் வழங்கிவரும் செய்தி. பாரியின் நீளம் ஏறத்தாழ இரண்டரை அடி. நீளம் கூடினால் நடுத்துளை விலகும் வாய்ப்பும் கூடும். ஆகவே பாரியின் வெற்றி வித்துவானின் மூச்சுக்கு மட்டுமன்றி, ஆசாரியின் கைக்கும் உரியது. கொங்கு நாட்டிலிருந்து வந்த நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் (1924–2001) உள்ளிட்ட அடுத்த தலைமுறை வித்துவான்கள் பாரி பரவிய மேடையில்தான் புகழ் பெற்றனர்.

கல்லிலும் துளை

மரத்தோடு இக்கலை நிற்கவில்லை. கும்பகோணம் ஆதி கும்பேசுவரர் கோவிலிலும் ஆழ்வார்திருநகரி ஆதிநாதர் கோவிலிலும் கல்லால் ஆன நாகசுரங்கள் உள்ளன. கல் உலராது, வளையாது. ஆனால் எடை மிகுதியால் அதைத் தூக்கிப் பிடித்து நெடுநேரம் வாசிப்பது கடினம். வீதியுலாவில் மரமே நிலைத்தது.

இன்றைய நிலை

மின்கடைசல் வந்தபின் உடலுழைப்பு குறைந்துள்ளது. சிக்கல் இப்போது மூலப்பொருளில் உள்ளது. கான்கிரீட் வீடுகள் பெருகிய தலைமுறையில் ஆச்சா உத்திரம் போட்டு வீடு கட்டுவோர் இல்லை. இடிக்கப்படும் ஒவ்வொரு பழைய வீடும் சில நாகசுரங்களைத் தருகிறது. அதே வேளையில் எஞ்சிய இருப்பும் குறைகிறது. இன்று ஆச்சா மரம் நட்டாலும், அது முதிர்ந்து, அறுபட்டு, ஆறி, கருவியாவதற்குப் பல தலைமுறைகள் ஆகும். இக்கைத்தொழிலில் எஞ்சியுள்ள குடும்பங்களும் சிலவே.

புவிசார் குறியீடு நரசிங்கம்பேட்டை என்ற பெயரைப் பாதுகாக்கிறது. மரத்தையும், துரப்பணம் விலகுவதை ஒலியாலும் கையதிர்வாலும் உணரும் பயிற்சியையும் அதனால் மட்டும் பாதுகாக்க இயலாது. ஒரு மனித ஆயுள் வளர்ந்த மரம் வேண்டும் என்று அடியார்க்கு நல்லார் வகுத்த இலக்கணம், இன்று மரம் நடுவோருக்கும் தொழில் கற்போருக்கும் சேர்த்துச் சொன்னதாகவே அமைகிறது.