பதினைந்து நாள் சத்திரக்காரர்கள்

இன்றைக்கு ஸ்பெயினுக்குப் போகிறோம். நாட்டின் வடமேற்கு மூலையில், கலீசியா பகுதியில், சாந்தியாகோ தெ கொம்போஸ்தெலா என்று ஓர் ஊர். இயேசுவின் பன்னிரு சீடர்களில் ஒருவரான யாக்கோபின் கல்லறை அங்கே இருக்கிறது என்பது 9ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் நம்பிக்கை. ஸ்பானிய மொழியில் அவர்தான் சாந்தியாகோ. தமிழ்க் கத்தோலிக்கர்கள் சந்தியாகப்பர் என்று சொல்வதும் இவரைத்தான். உங்களுக்கு சந்தியாகு என்று ஒரு நண்பர் இருந்தா, இந்த எபிசோடை அவருக்கு அனுப்பி வைங்க.

அந்தக் கல்லறையை நோக்கிப் போகும் நடைவழிகளுக்கெல்லாம் பொதுவாகக் கமினோ என்று பெயர். அதில் புகழ்பெற்றது பிரெஞ்சு வழி. பிரனீஸ் மலையின் பிரான்ஸ் பக்கத்தில் தொடங்கினால் ஏறக்குறைய 780 கிலோமீட்டர், நடந்தால் நான்கைந்து வாரம். அப்படின்னா ஒரு யாத்ரீகருக்கு ஏறக்குறைய முப்பது ராத்திரி தலைக்கு மேல் கூரை வேணும். சாப்பாடு, தண்ணி, கால் கொப்புளத்துக்கு மருந்து வேணும். இதையெல்லாம் அந்தக் காலத்தில் யார் கொடுத்தார்கள், இன்றைக்கு யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் இந்த எபிசோட்.

12ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட கோடெக்ஸ் காலிக்ஸ்தினுஸ் என்ற லத்தீன் தொகுப்பில் ஐந்தாவது நூல் ஒரு பயணக் கையேடு. எந்த ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கலாம், எந்தப் படகுக்காரன் ஏமாற்றுவான் என்றெல்லாம் அதில் இருக்கிறது. எனக்குப் பிடித்தது அதன் கடைசி அத்தியாயம். யாத்ரீகர்களை எப்படி வரவேற்க வேண்டும் என்று சொல்லும் அந்தச் சின்ன அத்தியாயத்தில் கிட்டத்தட்ட முழுக்க மிரட்டல்தான்! சூடான சாம்பலுக்குள் ரொட்டி வைத்திருந்த ஒரு பெண், கேட்டு வந்த யாத்ரீகரிடம் இல்லை என்றாள். திரும்பிப் போய்ப் பார்த்தால் ரொட்டி கல்லாகிக் கிடந்தது. பிரான்ஸின் புவாத்தியே நகரில் இரண்டு பேர் ஒரு தெரு முழுக்க வீடு வீடாக இடம் கேட்டார்கள், கடைசி வீட்டில் மட்டும்தான் கதவு திறந்தது. அன்றிரவு தெருவே எரிந்துபோக, அந்த ஒரு வீடு மட்டும் தப்பியது.

இப்படிக் கதை சொல்லிப் பயமுறுத்த வேண்டியிருந்தது என்றால், எல்லோரும் மனமுவந்து கதவைத் திறக்கவில்லை என்றுதானே அர்த்தம்? அதே தொகுப்பில் இருக்கும் ஒரு பிரசங்கம் வழியோர விடுதிக்காரர்களை வெளுத்து வாங்குகிறது. ருசி பார்க்க நல்ல வைனைக் கொடுத்துவிட்டு மட்டமானதை விற்கிறார்களாம். கூட்டம் வந்தால் வியாபாரமும் வரும், ஏமாற்றும் வரும். இது 900 வருஷப் பழைய செய்தி.

இன்னொரு பக்கம், மடங்களும் அரசர்களும் தனி மனிதர்களும் கட்டிய ஓஸ்பித்தால்கள் இருந்தன. இந்தச் சொல்லைக் கேட்டதும் ஆஸ்பத்திரி என்று நினைக்க வேண்டாம். நம்முடைய சத்திரம் என்ற சொல்தான் அதற்கு நெருக்கம். ரொன்செஸ்வாயெஸ் மலைக் கணவாயில் இருந்த சத்திரத்தைப் பற்றி ஒரு பழைய லத்தீன் கவிதை இருக்கிறது. அங்கே வருகிறவர்களுக்குக் கால் கழுவுவார்கள், முடி வெட்டுவார்கள், செருப்பு தைத்துக் கொடுப்பார்கள், யூதருக்கும் மதம் மாறுபட்டவருக்கும்கூடக் கதவு திறந்திருக்கும் என்று அது பெருமைப்படுகிறது.

11ஆம் நூற்றாண்டில் தொமிங்கோ என்று ஒருவர். துறவியாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி மடங்களைக் கேட்டார், மறுத்துவிட்டார்கள். ஓஹா ஆற்றங்கரையில் தனியாகத் தங்கினார். யாத்ரீகர்கள் படும் பாட்டைப் பார்த்து ஆற்றுக்குப் பாலம் கட்டினார், காட்டை வெட்டிச் சாலை போட்டார், பக்கத்திலேயே சத்திரமும் எழுப்பினார். 1109இல் இறந்தார். அந்த இடம் இன்று சாந்தோ தொமிங்கோ தெ லா கல்சாதா என்ற ஊர். கல்சாதா என்றால் கல் பாவிய சாலை. ஸ்பெயினின் சிவில் இன்ஜினியர்களுக்கு இவர்தான் பாதுகாவலர். சாஃப்ட்வேர்காரங்களுக்கு இப்படி ஒருத்தர் இருந்தா நல்லாத்தான் இருக்கும்.

பிறகு இறக்கம். 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் மதச் சீர்திருத்தம், தொடர்ந்து போர்கள். 1836இல் மெந்திசாபால் அரசாங்கம் மடங்களின் சொத்துகளைப் பறிமுதல் செய்து விற்றது. சத்திரங்களை நடத்திவந்த கைகளே இல்லாமல் போயின. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் முழு வழியையும் நடந்தவர்கள் மிகக் குறைவு. பாதையே பல இடங்களில் வயலுக்குள் மறைந்துவிட்டது.

அதை மீட்டவர்களில் முக்கியமானவர் எலியாஸ் வலீன்யா. ஓ செப்ரெய்ரோ என்ற மலைக்கிராமத்தின் பங்குச்சாமியார். கமினோவைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்தவர். 1984இல் தன் காரில் மஞ்சள் பெயின்ட்டை ஏற்றிக்கொண்டு, மரத்திலும் பாறையிலும் சுவரிலும் அம்புக்குறி போட்டுக்கொண்டே போனார். பிரனீஸ் பக்கம் போலீஸ் நிறுத்தி என்ன செய்கிறீர்கள் என்று கேட்டபோது, பெரிய படையெடுப்புக்கு ஏற்பாடு செய்கிறேன் என்று அவர் சொன்னதாக ஒரு கதை உண்டு. 1989இல் காலமானார். படை வந்ததை அவர் பார்க்கவில்லை.

வழி தயார். தங்க இடம்? 1990இல் சாந்தியாகோவில் பதிவான யாத்ரீகர்கள் 4,918 பேர். அந்த வருடம் கேட்டலோனியாவைச் சேர்ந்த ஒரு பெண், தானே முன்பு நடந்துபோனவர், புர்கோஸ் நகருக்கு அடுத்துள்ள ஒர்னீயோஸ் கிராமத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, வருகிறவர்களுக்கெல்லாம் கதவைத் திறந்துவிட்டார். கமினோ நண்பர்கள் சங்கங்கள் அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டன. தன்னார்வ ஓஸ்பித்தலேரோ என்ற ஏற்பாடு இப்படித்தான் தொடங்கியது.

அதன் விதிகள்தான் எனக்கு ரொம்ப சுவாரசியம். முதலில் நீங்களே கமினோ நடந்திருக்க வேண்டும். பிறகு ஒரு குறுகிய பயிற்சி. அதன்பின் ஏதோ ஒரு விடுதியில் பதினைந்து நாள் பொறுப்பு. சம்பளம் கிடையாது, வந்துபோகும் செலவும் உங்களுடையது. காலையில் எல்லோரும் கிளம்பியதும் கக்கூஸ் கழுவுவது, தரை துடைப்பது, மார்க்கெட் போவது. மதியம் கதவைத் திறந்து, யாத்ரீகர் கொண்டுவரும் அட்டையில் முத்திரை குத்துவது. சாயங்காலம் முப்பது நாற்பது பேருக்குச் சமையல், ராத்திரி பத்து மணிக்கு விளக்கை அணைப்பது. மறுநாள் அதேதான். நம்ம ஆபீஸ் ஆன்-கால் ரொட்டேஷன் மாதிரியேதான் இது. பதினைந்து நாளில் ஆள் மாறுவதால் யாருக்கும் அந்த இடம் சொந்தமாவதில்லை. களைப்பு எரிச்சலாக மாறுவதற்குள் கிளம்பிவிடுகிறார்கள்.

பல இடங்களில் கட்டணமும் இல்லை. தொனாத்திவோ என்பார்கள், காணிக்கை. கிரான்யோன் என்ற ஊரில் தேவாலயத்தை ஒட்டிய மாடியில் கட்டில்கூடக் கிடையாது, தரையில் மெத்தை. காணிக்கைப் பெட்டி திறந்தே இருக்கும்: முடிந்தால் போடு, தேவையானால் எடுத்துக்கோ. நேற்றுத் தங்கியவர்கள் போட்ட காசில்தான் இன்று வந்தவர்களுக்குச் சாப்பாடு.

1993 புனித ஆண்டு. கலீசியா அரசு பெரிய அளவில் விளம்பரம் செய்தது, விடுதிகளும் கட்டியது. எண்ணிக்கை ஒரே தாவலில் 99,436. 2024இல் கிட்டத்தட்ட ஐந்து லட்சம். சான்றிதழுக்குக் கடைசி 100 கிலோமீட்டர் நடந்தால் போதும் என்பதால், அந்த எல்லைக்குச் சற்று முன்னால் இருக்கும் சாரியா ஊரிலிருந்து கூட்டம் நெருக்கியடிக்கிறது. தனியார் விடுதிகள், பையைச் சுமந்துபோக வேன், ஆன்லைன் புக்கிங் எல்லாம் வந்துவிட்டன. தொனாத்திவோ என்றால் இலவசம் என்று நினைத்து, ஒன்றும் போடாமல் போகிறவர்களும் அதிகம்.

தனியார் விடுதிக்காரர்களை வில்லனாக்க எனக்கு மனசில்லை. காஸ்தீயா சமவெளியில் இளைஞர்கள் வெளியேறிக் காலியாகிவந்த கிராமங்கள் நிறைய. அங்கே ஒரு விடுதி நடந்தால்தான் ஒரு குடும்பம் ஊரில் தங்கும். பக்கத்து வாசலில் காணிக்கைக்குச் சோறும் படுக்கையும் கொடுத்தால், அவர்களுக்குக் கோபம் வருவது நியாயம்தான். ஐந்து லட்சம் பேரைத் தன்னார்வலர்கள் மட்டும் தாங்கவும் முடியாது.

ஆனா, கையில் காசில்லாமல் நடக்கிறவரும், புக்கிங் செய்யாமல் இருட்டும் நேரத்தில் நொண்டிக்கொண்டு வருகிறவரும் இன்னும் இருக்கிறார்கள். தொனாத்திவோ விடுதிகள் மூடிவிட்டால் கமினோவில் நடப்பவர் தொகை குறையாது, ஒருவேளை கூடவும் செய்யும். இந்த மாதிரி ஆட்கள் மட்டும் வரமாட்டார்கள், அவர்கள் வராதது எந்தக் கணக்கிலும் தெரியாது. என் கவலை அதுதான்.

இப்போது இந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்தும் வருகிறார்கள். ரொன்செஸ்வாயெஸில் யாத்ரீகர்களை வரவேற்பது டச்சுத் தன்னார்வலர்கள். ரபனால் கிராமத்தில் 1991 முதல் இங்கிலாந்துச் சங்கத்தின் விடுதி. பிசுவேர்கா ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் சான் நிக்கோலாஸ் என்ற பழைய கல் கட்டடத்தை இத்தாலியின் பெரூஜாவைச் சேர்ந்த ஒரு சபை நடத்துகிறது. அங்கே மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்தான் இரவுச் சாப்பாடு. அதற்கு முன்னால் யாத்ரீகர்களை வரிசையாக உட்காரவைத்து, ஒவ்வொருவர் காலிலும் தண்ணீர் ஊற்றித் துடைத்து முத்தமிடுகிறார்கள். இயேசு சீடர்களுக்குச் செய்தது அது. ரொன்செஸ்வாயெஸ் கவிதை பெருமைப்பட்டதும் அதைப் பற்றித்தான். ஒரு ராத்திரிக்கு ஒரு டஜன் பேருக்குத்தான் அங்கே இடம்.

1589இல் ஆங்கிலேயர் படைக்குப் பயந்து ஒளித்துவைத்த சந்தியாகப்பரின் எலும்புகள் முந்நூறு வருஷம் எங்கே இருந்தன என்பது தனிக் கதை. அதை அடுத்த எபிசோடில் பேசுவோம்.