சிசேரியன் கணக்கும் நம் உம்மாமாரும்



"இப்ப எல்லாருக்கும் வெட்டித்தானே பிள்ளை எடுக்கிறாங்க" என்று நம் கல்யாண வீடுகளில் அடிக்கடி கேட்கிறோம். இந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

எந்தப் பிரதேசத்திலும் சிசேரியன் 10 – 15 வீதத்தைத் தாண்ட நியாயமில்லை என்று 1985இல் உலக சுகாதார ஸ்தாபனம் சொன்னது. இன்று உலகச் சராசரி 21 வீதம். சஹாராவுக்குத் தெற்கே ஆபிரிக்காவில் 5 வீதம்தான். லத்தீன் அமெரிக்காவில் 43 வீதம். பெண்ணின் உடம்பு எங்கும் ஒன்றுதான். வேறுபடுவது வைத்திய ஏற்பாடு.

தமிழ்நாட்டில் 2019–21 குடும்ப நல ஆய்வின்படி அரச ஆஸ்பத்திரிகளில் 36 வீதம், தனியாரில் 64 வீதம். ஒரே மாநிலம்தான், எந்த வாசலால் உள்ளே போகிறோம் என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறுகிறது.

நம் நாட்டில் 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. பயிற்சி பெற்ற மருத்துவிச்சிகள் வீடு வீடாகப் போனார்கள். 1930களில் ஒரு இலட்சம் பிறப்புக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் மரணித்தார்கள். இன்று ஏறக்குறைய 30. அந்த உயிர்களில் பெரும்பகுதியைக் காத்தது கத்தியல்ல. மருத்துவிச்சியும் கிளினிக்கும் இலவச வைத்தியமும்தான்.

ஆனால் கத்தியே கிடைக்காத காலத்தையும் வன்னி கண்டது. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட நம் உம்மாமார் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் இருந்துகொண்டு பிள்ளை பெற்றார்கள். இங்கே எஞ்சிய தமிழ்ச் சகோதரிகளுக்கு எரிபொருளும் மருந்தும் தடைப்பட்டன. 2009இல் மயக்க மருந்துக்கே தட்டுப்பாடு. அப்படியான இடத்தில் சிசேரியன் குறைவாக இருந்தால் அதன் பெயர் சுகமல்ல, இல்லாமை.

ஆகவே கூடின கணக்கும் குறைந்த கணக்கும் தனியாக நின்று எதையும் சொல்லாது. தேவையானவளுக்குக் கிடைத்ததா, தேவையில்லாதவளுக்குச் செய்யப்பட்டதா என்பதே கேள்வி. கிளினிக்கில் "ஏன் தேவை, காத்திருக்கலாமா" என்று முன்கூட்டியே கேட்போம். அது நம் உரிமை. பிள்ளையின் துடிப்பு குறைகிறது என்று டொக்டர் சொன்னால், குடும்பக் கூட்டம் போட்டு நேரத்தைக் கடத்தாதிருப்போம்.

வயிற்றில் தையலோடு வீடு வரும் பிள்ளையை "நோகாமல் பெத்தவள்" என்று சொல்லாதிருப்போம். மர்யம் (அலை) அவர்களின் பிரசவ வலியைக் குர்ஆனில் ஓதும் சமூகம் நாம். எந்த வழியால் பெற்றாலும் அவள் தாய்தான்.

அல்லாஹ் நம் தாய்மாரைப் பாதுகாப்பானாக. ஆமீன்.