ஒரு கோடும் ஒற்றைக் குடியுரிமையும்: ஜவளகிரி எல்லையின் அரசியல் சட்ட வரலாறு

தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஜவளகிரியைக் கர்நாடகத்திலிருந்து பிரிக்கும் எல்லை, மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது பிறந்ததன்று, போரில் பிறந்தது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் பகுதியைப் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி, 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் ஓசூர், தேன்கனிக்கோட்டை வட்டாரத்தையும் எடுத்துக்கொண்டது. அதன்பின் ஜவளகிரிக்காரர் கம்பெனிக்கும் பின்னர் பிரித்தானிய முடிக்கும் பிரஜை. பக்கத்து ஆனேக்கல்காரர் மைசூர் மன்னரின் பிரஜை. இருபுறமும் அதே ராகி, அதே கன்னடமும் தெலுங்கும் தமிழும். ஆட்சியாளரிடம் குறை சொல்லும் வழிதான் வேறு. 1881இலேயே மைசூரில் பிரஜா பிரதிநிதி சபை கூடிவிட்டது. பிரித்தானியர் நேரடியாக ஆண்ட சென்னை மாகாணம் இதில் பின்தங்கியே இருந்தது.

இந்திய அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த 1950 ஜனவரி 26, யாருடைய பிரஜை என்ற இந்த வேறுபாட்டைத் துடைத்தது. அது எப்படித் துடைத்தது என்பதை அமெரிக்காவோடு வைத்துப் பார்த்தால்தான் விளங்கும். அமெரிக்க அரசு மாநிலங்கள் கூடி உண்டாக்கிய அரசு. 1868இல் வந்த பதினான்காவது திருத்தம், அந்நாட்டில் பிறந்தவரை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குடிமகனாகவும், அவர் வாழும் மாநிலத்தின் குடிமகனாகவும் ஏற்றது. அடிமைமுறையிலிருந்து மீண்ட கறுப்பின மக்களின் குடியுரிமையை எந்த மாநிலமும் மறுக்கக் கூடாது என்பதே அதன் உடனடி நோக்கம். ஆயினும் இரட்டைக் குடியுரிமை நிலைத்தது. அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 4 அன்று வரைவை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர் இதைத்தான் சுட்டினார்: அங்கே மாநிலங்கள் தம் மக்களுக்குத் தரும் சில உரிமைகளைப் பிற மாநிலத்தாருக்கு மறுக்கவோ கடினமாக்கவோ முடியும், இந்தியா இரு அடுக்கு அரசாக இருந்தாலும் குடியுரிமை ஒன்றே.

1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கொள்ளேகால் கோவை மாவட்டத்திலிருந்து மைசூருக்குப் போனது. ஓசூர் சென்னை மாநிலத்திலேயே நின்றது. யாருடைய குடியுரிமையும் மாறவில்லை. ஆனேக்கலில் பெண் எடுத்தாலும் பெங்களூரில் வேலைக்குப் போனாலும் மாறுவது வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் இடம் மட்டுமே. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி தர வசதி செய்யச் சொல்லும் 350ஏ பிரிவும் அதே ஆண்டு வந்தது. அந்த ஏற்பாட்டின் தொடர்ச்சியாகவே, 2024இல் கிருஷ்ணகிரி மக்களவை உறுப்பினர் கோபிநாத் தெலுங்கில் பதவியேற்றதை நான் பார்க்கிறேன். அதில் வியக்க ஒன்றுமில்லை.

வியக்க வேண்டியது வேறு. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் ஓசூர் பல மாநிலத்தார் பிழைக்கும் ஊரானது. இப்போது வேலை என்று வரும்போது பழைய கோடு தடிக்கிறது. 2024 ஜூலையில் கர்நாடக அமைச்சரவை, தனியார் வேலைகளில் உள்ளூராருக்கு ஒதுக்கீடு தரும் மசோதாவை ஏற்று, எதிர்ப்பெழுந்ததும் நிறுத்திவைத்தது. உள்ளூராராகக் கருதப்பட அங்கே பிறந்திருக்க வேண்டும், பதினைந்தாண்டு வசித்திருக்க வேண்டும், கன்னடம் தெரிந்திருக்க வேண்டும். 2021 தேர்தலில் தி.மு.க. அறிக்கையும் 75 விழுக்காட்டு ஒதுக்கீடு பேசியது. ஹரியானா இயற்றியே விட்ட சட்டத்தை 2023இல் உயர் நீதிமன்றம் செல்லாதென்றது. அரசு வேலைக்கு வசிப்பிட நிபந்தனை விதிக்கும் அதிகாரத்தைக்கூட 16(3) பிரிவு நாடாளுமன்றத்துக்கே தந்திருக்கிறது. அம்பேத்கர் அமெரிக்காவில் கண்ட சிக்கலை நாம் சட்டத்தின் பின்வாசல் வழியாக அழைக்கிறோம்.

குடியுரிமையோடு வரும் கடமைகளின் கதை வேறு தினுசு. அமெரிக்க அரசியல் சட்டத்தில் குடிமக்களின் கடமைப் பட்டியல் கிடையாது. நம் சட்டத்திலும் முதலில் இல்லை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், 42ஆவது திருத்தம் 51ஏ பிரிவைச் சேர்த்தது. உரிமைகள் முடக்கப்பட்டிருந்த வேளையில் கடமைகளை எழுதியது நல்ல சகுனமல்ல. என்றாலும் அதன் ஓர் உட்பிரிவு, காட்டையும் காட்டுயிரையும் காப்பது, ஜவளகிரிக்கு மற்ற ஊர்களைவிட அதிகம் பொருந்தும். கர்நாடகத்தின் பன்னேருகட்டாக் காட்டிலிருந்து யானைக்கூட்டங்கள் ஆண்டுதோறும் ராகி முற்றும் பருவத்தில் ஜவளகிரிக் காடு வழியே தளி, ஓசூர்ப் பக்கம் வருகின்றன. 2014இல் அறிவிக்கப்பட்ட காவேரி வடக்குக் காட்டுயிர் சரணாலயமும் இங்கே விரிகிறது. யானையைத் துன்புறுத்தாதிருக்கும் கடமை ஆனேக்கல் விவசாயிக்கும் ஜவளகிரி விவசாயிக்கும் ஒன்றே. மிதிபட்ட பயிருக்கான இழப்பீட்டை மட்டும் அந்தந்த மாநில அரசு தன் கணக்கில் நிர்ணயிக்கிறது.