அலோஹா ஏர்லைன்ஸும் ஒரு டாலர் டிக்கெட்டும்

ஹவாய்னு சொன்னாலே நமக்கு கடற்கரை, பூமாலை, தேனிலவு இதெல்லாம்தான் ஞாபகம் வரும். இந்தப் பதிவு அங்கே சுற்றிப் பார்க்கப் போறவங்களைப் பத்தி இல்லை மக்களே, அங்கேயே குடியிருக்கிற சனங்களைப் பத்தி. ஓவாஹூ, மாவி, கவாய், பெரிய தீவுன்னு கடலுக்கு நடுவுல தனித்தனியா கிடக்கிற ஊர்கள். பெரிய டாக்டரைப் பார்க்கணும்னா ஹொனலுலு போகணும். பாலம் கிடையாது. 2007ல் ஒரு பெரிய கார் ஃபெர்ரி விட்டுப் பார்த்தாங்க, கோர்ட் தீர்ப்பால 2009ல் அதுவும் நின்னு போச்சு. ஆக, விமானம்தான் அவங்களுக்கு டவுன் பஸ். ஏறி உட்கார்ந்து ஜூஸ் குடிச்சு முடிக்கறதுக்குள்ள இறங்கிடலாம்.

இந்த டவுன் பஸ் ரூட்டுக்கு நடந்த அடிதடிதான் மேட்டர்.

முதல்ல வந்தது கப்பல் கம்பெனிக்காரங்க. தீவுகளுக்கு நடுவே நீராவிக் கப்பல் ஓட்டிக்கிட்டிருந்த நிறுவனம் 1929ல் இன்டர்-ஐலண்ட் ஏர்வேஸ்னு ஒண்ணு ஆரம்பிச்சது. தண்ணியிலும் தரையிலும் இறங்குற சிகோர்ஸ்கி விமானம். 1941ல் அதோட பேர் ஹவாயியன் ஏர்லைன்ஸ் ஆச்சு. போட்டிக்கு ஆளே இல்லை.

1946ல் ரட்டி டாங் என்ற சீன வம்சாவளிப் பதிப்பாளர் உள்ளே வர்றார். கரும்பு, அன்னாசித் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்கு வந்த சீன, ஜப்பானிய, பிலிப்பினோ குடும்பங்கள்தான் அந்தத் தீவுகளில் பெரும் கூட்டம். ஆனா விமானத்துல தங்களுக்கு உரிய மரியாதை இல்லைங்கற குமுறல் அவங்களுக்கு இருந்தது. போர் முடிஞ்சு மலிவா கிடைச்ச டி.சி.-3 விமானங்களை வச்சு டாங் ஆரம்பிச்சதுதான் டிரான்ஸ்-பசிபிக் ஏர்லைன்ஸ். பின்னாடி அலோஹா ஏர்லைன்ஸ். சனங்க அதை 'மக்களின் விமானம்'னே கூப்பிட்டாங்க. அட்டவணை போட்டு ஓட்ட அனுமதி 1949ல் தான் கிடைச்சது. அதுவரைக்கும் வாடகை விமானமாத்தான் பறந்தது.

அதுக்கப்புறம் அறுபது வருஷம் இந்த ரெண்டு பேருக்கும் மல்லுக்கட்டுதான். நடுவுல ரெண்டு பேரும் இணையப் பார்த்தாங்க, 1971ல் முறிஞ்சது. மறுபடி 2001 டிசம்பர்ல அறிவிச்சு, 2002 மார்ச்ல கைவிட்டாங்க. மிட் பசிபிக், மஹாலோன்னு மூணாவதா வந்தவங்க எல்லாம் சில வருஷத்துல கடையை மூடிட்டுப் போனாங்க.

குட்டித் தூரம்தானே, சுலபமான தொழில்னு நினைச்சுடாதீங்க. விமானத்துக்குத் தேய்மானம் தூரத்தால மட்டும் வர்றதில்லை, எத்தனை தடவை ஏறி இறங்குதுங்கறதாலயும் வரும். 1988 ஏப்ரல் 28 அன்னிக்கு ஹீலோவிலிருந்து கிளம்பின அலோஹா போயிங் 737க்கு 24,000 அடி உயரத்துல கூரையே பிய்ஞ்சு போச்சு. பணிப்பெண் ஒருத்தர் இறந்துட்டார், மத்த 94 பேர் பிழைச்சாங்க. அந்த விமானம் அதுக்கு முன்னாடி 89,000 தடவைக்கு மேல பறந்திருந்தது. கூடவே உப்புக் காத்து வேற.

சரி, கதையோட முக்கியமான இடம். 2003ல் ஹவாயியனும் 2004 கடைசியில அலோஹாவும் திவால் மனு போட்டு, முதலீட்டாளரைத் தேடினாங்க. அமெரிக்க உள்நாட்டுல பெரிய கம்பெனிகளுக்காக ஒப்பந்தத்துல சின்ன ஜெட் ஓட்டுற மேசா, முதலீடு பண்றதா சொல்லி ரெண்டு பேர் கணக்கையும் ரகசிய ஒப்பந்தத்தின் பேர்ல பார்த்தது. பார்த்துட்டு முதலீடு பண்ணலை. 2006 ஜூன்ல தானே 'கோ!'ன்னு (ஆச்சரியக்குறி அவங்க வச்சதுதான்) 50 சீட் விமானத்தோட வந்து இறங்கிடுச்சு. ஆரம்ப டிக்கெட் 39 டாலர். அப்புறம் 19. சில சீட் ஒரு டாலருக்குக்கூட!

சனங்களுக்குக் கொண்டாட்டம்தான். அதைத் தப்புன்னு சொல்ல எனக்கு மனசு வரலை. அம்மாவைப் பார்க்க மாசம் ஒருமுறை தீவு தாண்டறவனுக்கு 19 டாலர் டிக்கெட் சும்மா இல்லை. ஆனா ஒரு டாலருக்கு பெட்ரோல்கூட வராதே? மேசாவுக்கு வேற ஊர்ல ஒப்பந்த வருமானம் இருந்தது, இங்கே நஷ்டத்தைத் தாங்கலாம். அலோஹாவிடம் பழைய, எண்ணெய் குடிக்கிற 737கள். 2008 ஆரம்பத்துல எண்ணெய் பீப்பாய் 100 டாலரைத் தாண்டிச்சு.

ஹவாயியன் கோர்ட்டுக்குப் போனது. ரகசியத் தகவலை மேசா தப்பாப் பயன்படுத்திடுச்சுன்னு 2007 அக்டோபர்ல 80 மில்லியன் டாலர் தீர்ப்பு. மேசாவின் நிதித் தலைவர் கம்ப்யூட்டர்ல இருந்த ஆதாரங்களை அழிச்சதும் வெளிய வந்தது. ஆபாசப் படத்தைத்தான் அழிச்சார்னு கம்பெனி தரப்புல சொன்னாங்க பாருங்க, வக்கீல்களுக்கே சிரிப்பு வந்திருக்கும் :-)

ஹவாயியன் பிழைச்சது. அலோஹாவுக்கு நேரம் இல்லை. 2008 மார்ச் 31 அன்னிக்கு 61 வருஷப் பயணிகள் சேவை நின்னு போச்சு. சுமார் 1,900 பேருக்கு வேலை போச்சு. பலரும் தலைமுறையா அங்கே வேலை பார்த்தவங்க.

இதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்குத் தாங்கலை. அலோஹா போட்ட வழக்கை மேசா சமரசம் பண்ணினப்ப, 'கோ!'வை அலோஹா என்ற பேர்லயே ஓட்டிக்க ஏற்பாடு! பழைய ஊழியர்கள் கொதிச்சு எழுந்தாங்க. திவால் கோர்ட் நீதிபதி அந்தப் பேரை மேசாவுக்குக் கொடுக்க மாட்டேன்னுட்டார்.

'கோ!' 2014 ஏப்ரல்ல மூடியாச்சு. ஐலண்ட் ஏர் 2017ல். 2019ல் சவுத்வெஸ்ட் வந்து மறுபடி மலிவு டிக்கெட் போட்டி. 2024 செப்டம்பர்ல அலாஸ்கா ஏர்லைன்ஸின் தாய் நிறுவனம் ஹவாயியனையே வாங்கிடுச்சு. அலோஹாவின் சரக்குப் பிரிவை மட்டும் 2008லேயே சால்ட்சக்னு ஒரு கம்பெனி வாங்கினது. அதனால அந்தப் பேர் அலோஹா ஏர் கார்கோன்னு தீவுகளுக்கு நடுவே பறக்குது. பயணிகள் இல்லாம, பார்சல் சுமந்துக்கிட்டு.