கைவிளக்கும் ஒரு நியமனக் கடிதமும்

அரசு மருத்துவமனையில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள் நான். கடைசி ஆறு வருடம் செவிலியர் கண்காணிப்பாளர். மே 12 செவிலியர் தினத்தன்று மெழுகுவர்த்தி ஏற்றி, ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலின் கருணையைப் பற்றி யாராவது பேசுவார்கள். அந்த அம்மாள் டாக்டர்களோடும் உடன் வேலை பார்த்த பெண்களோடும் பட்ட பாட்டை யாரும் சொல்வதில்லை. பதவியில் இருந்தபோது எனக்குப் பயன்பட்டது அந்தக் கதைதான்.

கிரைமியப் போர் நடந்த நேரம். 1854 அக்டோபர் 21 அன்று 38 பெண்களோடு லண்டனிலிருந்து புறப்பட்டார். அவர்களில் 10 பேர் கத்தோலிக்கக் கன்னியர், 14 பேர் ஆங்கிலிக்கன் இல்லங்களைச் சேர்ந்தவர்கள், 14 பேர் சம்பளத்துக்கு வேலை பார்த்த மருத்துவமனை நர்ஸுகள். மதம் வேறு, பழக்கவழக்கம் வேறு. தலையில் போடும் தொப்பி பிடிக்கவில்லை என்றுகூடப் புகார் வந்தது.

நவம்பர் 4 அன்று இஸ்தான்புல்லுக்கு எதிர்க்கரையில் உள்ள ஸ்குடாரி ராணுவ மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கிருந்த டாக்டர்கள் பலருக்கு இவர்கள் வந்ததே பிடிக்கவில்லை. நைட்டிங்கேல் சண்டைக்குப் போகவில்லை. டாக்டர் கேட்காமல் யாரும் நோயாளியைத் தொடக்கூடாது என்று தன் பெண்களுக்குக் கட்டளையிட்டார். கட்டுத்துணியும் சட்டையும் தைக்க உட்கார வைத்தார். பக்கத்து வார்டில் சிப்பாய்கள் முனகிக்கொண்டிருக்க, இவர்கள் கையில் ஊசி நூல். அந்தப் பெண்களுக்கு அவர்மேல் எவ்வளவு கோபம் வந்திருக்கும்! மறுநாள் இன்கர்மன் சண்டை. சில நாளில் காயம்பட்டவர்கள் கப்பல் கப்பலாக வந்து குவிந்தார்கள். டாக்டர்களே உதவிக்குக் கூப்பிட்டார்கள். வேண்டாத விருந்தாளியாக வந்தவர்களுக்கு வார்டில் இடம் கிடைத்தது அப்படித்தான்.

நோயாளிகள் எதிரிலேயே இளம் நர்ஸை ஒரு சர்ஜன் சத்தம் போட்டபோது, நானும் ரவுண்ட்ஸ் முடியும்வரை வாயைத் திறக்கவில்லை. பிறகு கேஸ் ஷீட்டை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். எழுதிவைத்தபடிதான் அந்தப் பெண் மருந்து கொடுத்திருந்தாள். தனியாக இருந்ததால் அவரும் நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

ஆனால் பொறுமையால் தீராத தகராறும் உண்டு. டிசம்பரில், நைட்டிங்கேல் கேட்காமலே, மேரி ஸ்டான்லி நாற்பதுக்கும் மேற்பட்ட பெண்களோடு வந்து இறங்கினார். இவர் ராஜினாமா செய்வேன் என்று லண்டனுக்கு எழுதினார். இருவரும் பழைய தோழிகள். அந்த நட்பு அத்தோடு முறிந்தது. அந்தக் கூட்டத்தில் மதர் பிரிட்ஜ்மன் தலைமையில் வந்த கன்னியர், எங்கள் மதருக்குத்தான் கட்டுப்படுவோம் என்றார்கள். காலராக் காலத்திலேயே நோயாளிகளைப் பராமரித்த சபை அவர்களுடையது. வேலை தெரியாதவர்கள் என்று ஒதுக்க முடியாது.

பிறகு அவர்கள் கிரைமியாவுக்குப் போனார்கள். அங்கே தலைமை மருத்துவ அதிகாரி டாக்டர் ஜான் ஹால் நைட்டிங்கேலின் நியமனத்தையே கேள்வி கேட்டார். அதில் 'துருக்கியில் உள்ள மருத்துவமனைகள்' என்றுதான் இருந்தது. கிரைமியா துருக்கி அல்லவே! அந்த ஒரு சொல்லை வைத்து இழுபறி. எல்லா ராணுவ மருத்துவமனை நர்ஸுகளுக்கும் அவரே தலைவி என்ற உத்தரவு 1856 மார்ச் 16 அன்றுதான் வந்தது. மதர் பிரிட்ஜ்மன் தன் கன்னியரோடு ஊர் திரும்பினார். மார்ச் 30 அன்று பாரிஸில் சமாதான உடன்படிக்கையே கையெழுத்தாகிவிட்டது.

இதில் யாரையும் கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதை லண்டனில் இருந்தவர்கள் முதலிலேயே தெளிவாக எழுதிக் கொடுத்திருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது. புதிதாக வார்டு பொறுப்பு ஏற்ற பெண்கள் இப்போதும் என்னிடம் யோசனை கேட்டு வருவதுண்டு. உங்கள் உத்தரவில் எந்தெந்த வார்டு எழுதியிருக்கிறது என்றுதான் முதலில் கேட்பேன். பலர் அதற்குப் பிறகுதான் அதை எடுத்துப் படிக்கிறார்கள்.