ஒரு நுரையீரலும் முப்பது ஆண்டுகளும்

நுரையீரல் புற்றுநோய் என்று அறிந்ததும் நோயாளி கேட்கும் முதற் கேள்வி, 'இன்னும் எவ்வளவு காலம்?' என்பதே. மருத்துவம் இதற்கு நம்பிக்கை தரும் விடையொன்றைச் சொல்லத் தொடங்கிய நாளாக 1933 ஏப்ரல் 5-ஐக் குறிப்பிடலாம்.

1912இல் ஐசக் அட்லர் மருத்துவ ஏடுகளைத் துழாவித் திரட்டியபோது 374 நோயாளிகளின் குறிப்புகளே கிடைத்தன. அவ்வளவு அரிய நோயாக அது இருந்தது. பின்னர் சிகரெட் பரவிற்று; நோயும் பரவிற்று.

பிட்ஸ்பர்க் நகர மகப்பேறு மருத்துவர் ஜேம்ஸ் கில்மோர் அந்நோயோடு செயின்ட் லூயிஸ் நகரின் பார்ன்ஸ் மருத்துவமனைக்கு வந்தபோது வயது 48. அறுவைக்கு முன் ஊர் சென்று பல்லைச் செப்பனிட்டுக்கொண்டாராம். நம்பிக்கையோடு இருக்கிறார் என்று அறுவை மருத்துவர் எவார்ட்ஸ் கிரஹாம் மகிழ்ந்தாராம். அதே பயணத்தில் அவர் கல்லறைக்கு நிலமும் வாங்கியிருந்தது பிறகுதான் தெரிந்ததாம். நெஞ்சைத் திறந்தபின், ஒரு பகுதியை மட்டும் அகற்றினால் போதாதெனக் கண்ட கிரஹாம், இடது நுரையீரல் முழுவதையும் எடுத்தார். வெற்றிடத்தை ஒடுக்க விலா எலும்புகள் சிலவற்றையும் நீக்கினார். கில்மோர் பிழைத்தார். மீண்டும் தொழிலுக்குத் திரும்பி, 1963 வரை வாழ்ந்தார்.

கிரஹாம் கடும் புகைப்பழக்கம் உடையவர். சிகரெட்டே காரணம் என்பதை முதலில் நம்பாதவர். எர்ன்ஸ்ட் விண்டருடன் சேர்ந்து 684 நோயாளிகளை ஆராய்ந்து, 1950இல் அத்தொடர்பை அவரே வெளியிட்டார். பிறகு புகைப்பதையும் விட்டார். ஆனால் 1957இன் தொடக்கத்தில் அவருடைய இரு நுரையீரல்களிலும் அதே நோய் தெரிந்தது. அறுவைக்கு இடமிருக்கவில்லை. சில வாரங்களில், மார்ச் 4 அன்று காலமானார்.

நோய் ஒன்றே, ஒருவருக்கு முப்பது ஆண்டு, மற்றவருக்குச் சில வாரம். வெட்டி நீக்கக்கூடிய நிலையில் ஒருவருக்கும், அந்நிலை கடந்தபின் மற்றவருக்கும் அது தெரியவந்தது. இன்றைய அமெரிக்கக் கணக்கும் இதையே சொல்கிறது: நுரையீரலுக்குள் அடங்கியிருக்கையில் கண்டறிந்தால் பத்தில் ஆறு பேர் ஐந்தாண்டுகளைக் கடக்கின்றனர், தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவியபின் ஏறத்தாழ ஒருவரே. கடும் புகைப்பாளர்களைக் குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேனால் ஆண்டுதோறும் சோதித்தபோது, மார்பு எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட இந்நோயால் இறந்தோர் 20 விழுக்காடு குறைந்ததை 2011இல் வெளியான ஆய்வு காட்டியது.

விழுக்காடு என்பது பலரின் கணக்கு. தனியொருவரின் நாளை அது குறிப்பதில்லை. ஆகவே 'எவ்வளவு காலம்?' என்று கேட்பதற்குமுன் 'எந்த நிலை?' என்று கேட்பதே முறை. கில்மோர் வாங்கிய கல்லறை நிலம் முப்பது ஆண்டுகள் காத்திருந்தது.